நீலக் குழலுக்குள் ஒன்றுமில்லை

அன்புள்ள பாப்பா,

பட்டமளிப்பு விழா மண்டபத்தின் வாசலில், பூங்கொத்து விற்கிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் நடுவில், உன் கையிலிருந்த நீல வெல்வெட் குழலை வாங்கி, மூடியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து நன்றாகத் தட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. மேடையில் அத்தனை பேர் பார்க்க உனக்குக் கொடுத்தார்களே, அந்தக் குழல். "பாப்பா, உள்ள ஒண்ணுமே இல்ல. சர்டிபிகேட் எங்க?" என்று நான் போட்ட சத்தத்தில், பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த மலாய்க் குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. உன் அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். நீ கோபப்படவில்லை. அந்தக் கறுப்பு அங்கியோடு நின்றுகொண்டு மெதுவாக ஏதோ சொன்னாய். அதற்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் வரவில்லை. அடுத்த வாரம் நீ தாய்லாந்துக்கு விமானம் ஏறுகிறாய். அதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு பிரதியை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். என் பெயரைப் போடவில்லை. போடாவிட்டாலும் கிள்ளானில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும், தெரியட்டும். பிள்ளை வந்து, "ஃபேக்டரியில வேல செஞ்சுக்கிட்டே டிகிரி எடுக்கப் போறேன்" என்று நிற்கும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் முழிக்கிற அப்பா அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அந்த நேரத்தில் விவரம் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை ரயிலில் டிக்கெட் பரிசோதகனாகவே இருந்தேன். டிக்கெட் இல்லாதவன் தூங்குவதுபோல் நடிப்பான். நடிக்கிறவன் நிஜமாகத் தூங்குகிறவனைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தூங்குவான். கோட்டும் டையும் போட்டவர், சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர், பேரப்பிள்ளையை மடியில் வைத்திருப்பவர் என்று யாரையும் விடாமல் "டிக்கெட்" என்று கேட்டுக் கேட்டு, எனக்கு அதுவே குணமாகிவிட்டது. பாசாரில் உன் அம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், நான் மீன்காரரின் முகத்தைப் பார்ப்பேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் முதலில் பல்லைப் பார்ப்பேன், பிறகு கொடுத்தவனின் பல்லையும் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட ஒரு மனிதனிடம்தான் நீ பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்த கையோடு வந்து சொன்னாய். கிள்ளான் பக்கத்து மேருவில் கார் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. பெரும்பாலான நாட்கள் தொழிற்சாலையில் வேலை, இடையிடையே சில வாரங்கள் பல்கலைக்கழகத்தில் வகுப்பு. விரிவுரையாளர்களே தொழிற்சாலைக்கு வந்து உன் வேலையைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கடைசியில் முழுமையான பொறியியல் பட்டம். படிப்புச் செலவு அவர்களுடையது, மாதாமாதம் சம்பளமும் உண்டு. நீ ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். நான் ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே கேட்டேன், "ஏன், சாப்பாடு போட்டுட்டு, சாப்பிட்டதுக்கும் காசு குடுப்பானா?" நீ, "கேன்டீன்ல சாப்பாடும் உண்டுப்பா," என்றாய். உன் அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிக்கெட் கேட்காமல் ஏற்றிக்கொள்கிறவன் நாம் சொன்ன இடத்தில் இறக்கிவிட மாட்டான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உன் அத்தை மகன் சிவாவை உனக்குத் தெரியும், இப்போது லோரி ஓட்டுகிறான். அவனும் ஒரு காலத்தில் பொறியியல் மாணவன்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வீட்டின் மேல்மாடியில் அந்தக் கல்லூரி இருந்தது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மேலே வெளிநாட்டுப் பட்டம். வரவேற்பறையில் குளிரூட்டி, சுவரில் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படம். அவனைச் சேர்க்க உன் அத்தையோடு போனவன் நான். அன்றைக்கு எனக்குச் சந்தேகம் வரவில்லை, படிப்பு என்று சொன்னதும் பல்லைப் பார்க்க மறந்துவிட்டேன். ஒரு திங்கட்கிழமை சிவா வகுப்புக்குப் போனபோது மாடிக் கதவில் பூட்டு தொங்கியது, பெயர்ப்பலகை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கீழ்க்கடைக்காரர், "தம்பி, அவங்க போயிட்டாங்களே, ஒங்கிட்ட சொல்லலியா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அவன் எந்தப் படிப்புக்கும் போகவில்லை. எங்கேயாவது பட்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஆணிதான் ஞாபகம் வரும்.

அதனால் உன் தொழிற்சாலையை நான் சும்மா விடவில்லை. உயர்கல்வி அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது அங்கீகாரம் உள்ள கோர்ஸ்தான்," என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு நாள் வேறொரு முகப்புக் கவுன்டரில் போய்க் கேட்டேன், அதே பதில் வந்தது. ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம்வரை படித்தேன். பட்டம் முடிந்ததும் சில ஆண்டுகள் அவர்களிடமே வேலை செய்ய வேண்டும் என்ற வரியைக் கண்டதும், "பாத்தியா, தூண்டில் இங்க இருக்கு," என்று காட்டினேன். நீ, "அது மொத பக்கத்துலயே பெருசா போட்டிருக்குப்பா," என்றாய். தூண்டிலை மறைக்காமல் வைப்பவன் இன்னும் பெரிய கெட்டிக்காரனாக இருப்பான் என்று எனக்குத் தோன்றியது. உன் அம்மா குறுக்கே வந்து, "நீங்க கல்யாணத்துக்கு முன்னால என்னையப் பத்தியும் இப்படித்தான் விசாரிச்சீங்க. ஊரே சொல்லுச்சு," என்றாள். நீ கையெழுத்துப் போட்டாய்.

நீ போகத் தொடங்கிச் சில மாதம் ஆனது. காலையில் சீருடையோடு போவாய், சாயங்காலம் எண்ணெய் வாடையோடு வருவாய். என்ன படித்தாய் என்று கேட்டால், "இன்னைக்கு ஃபுல்லா மெஷின்கிட்டதான் லா," என்பாய். புத்தகப் பையைவிடச் சாப்பாட்டுப் பை கனமாக இருந்தது. ஒருநாள் நீ சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனதாக நானே ஒரு காரணம் செய்துகொண்டு, தூக்குச்சட்டியோடு மேருவுக்கு வந்தேன். உண்மையில் நீ மறக்கவில்லை, பையிலிருந்து நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற நேபாளிக் காவலர், "அங்கிள், மாசோக் தாக் போலே," என்று உள்ளே விட மறுத்து, சட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் திரும்பிப் போகாமல் பக்கத்து வேலியோரமாகச் சுற்றினேன். ரயில் பெட்டிகளை எட்டிப் பார்த்துப் பழகியவனுக்கு வேலி ஒரு பொருட்டா. பக்கவாட்டில் பெரிய இரும்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஓர் இயந்திரத்துக்குக் கீழே நீ மண்டியிட்டு, கையில் துணியோடு, தரைக்கும் இரும்புக்கும் நடுவில் கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் வாளி இருந்தது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ரயிலில் எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வேலியில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. என் பெண்ணைத் துப்புரவு வேலைக்கு வைத்துக்கொண்டு பொறியாளர் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று நெஞ்சு எரிந்தது. சாயங்காலம் நீ வந்ததும் கேட்டேன். நீ நான் வேவு பார்த்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பொறுமையாக விளக்கினாய். "மெஷினத் தொடைக்கிறதுதான்பா மெஷினச் செக் பண்றது. தொடைச்சாதான் எண்ணெய் எங்க கசியுது, எந்த போல்ட்டு லூஸு, எந்த எடம் சூடு அதிகம்னு கைக்குத் தெரியும். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கணும்." நான் உன் அம்மா பக்கம் திரும்பி, "நல்லா சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கானுங்க," என்றேன்.

அந்தத் தீபாவளிக்குச் செமினியில் உன் சித்தி வீட்டுக்குப் போனோம். அவள் மகன் மருத்துவம் படிக்கிறான் என்பது அந்த வீட்டுப் பூனைக்கும் தெரியும். முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, "தர்ஷினி எந்த யூனிவர்சிட்டி, அண்ணே?" என்று உன் சித்தப்பா கேட்டார். நான், "அது படிக்கல, ஃபேக்டரியில வேலைக்குப் போவுது," என்றேன். நாளைக்கே அந்தப் படிப்பும் ஒரு பூட்டாக முடிந்தால், யார் முகத்திலும் விழிக்க முடியாமல் போய்விடக் கூடாது என்று முன்கூட்டியே ஒதுங்கிக்கொண்டேன். நீ சமையலறை வாசலில் சிரப் கிளாஸ்களோடு நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக எனக்கும் கொடுத்தாய். வீட்டுக்குத் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து சொன்னாய், "படிக்கிறேன்னு நீங்க சொல்லாட்டி பரவால்லப்பா. இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க." நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டு காரை ஓட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பாப்பா. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. வெட்கமும் சந்தேகமும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் நான் உன்னை அந்தப் படிப்பிலிருந்து இறக்கிவிடப் பார்த்தேன். என்னோடு வேலை செய்த மாரிமுத்து அங்கிள் மூலமாக ரயில்வே அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்குப் பேசி வைத்தேன். நிரந்தர வேலை, ஓய்வூதியம் வரும், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். உன்னிடம் கேட்காமலேயே, வந்துவிடுவாள் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். உன்னிடம் சொன்னபோது நீ முதல்முறையாகக் குரலை உயர்த்தினாய். "பாதியில விட்டா ஒண்ணுமே கிடைக்காதுப்பா. டிப்ளோமாகூட கிடைக்காது. வெறும் எண்ணெய்க் கைதான் மிச்சம். அது தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், முழுசாக ஏமாறுவதைவிடப் பாதியில் இறங்குவது மேல் என்று நினைத்தேன். அந்த மாத முடிவுக்குள் நீ விலகவில்லை என்றால் இந்த வீட்டில் என்னிடம் பேச வேண்டாம் என்றேன். நீ விலகவில்லை, பேசவும் இல்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து, "அம்மா, அப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க," என்று நீ கேட்பாய். "வேணான்னு சொல்லு," என்று நான் சொல்வேன். உன் அம்மா நடுவில் தண்ணீர் ஜாடியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அவள்தான் கடைசியில் வழி செய்தாள். உன் தொழிற்சாலையில் குடும்ப நாள், வீட்டு மனிதர்களை உள்ளே அழைத்துப்போய்க் காட்டுவார்கள் என்று தெரிந்ததும், "வேலிக்கு வெளிய நின்னு பாத்தீங்கல்ல, ஒரு தடவ உள்ள போயும் பாருங்க. அப்புறமும் வேணாம்னா நானே அவள நிறுத்துறேன்," என்றாள். அது எனக்கு நல்ல பேரமாகப் பட்டது. நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மனத்தில் பழைய சீருடையோடு, உள்ளே வந்தேன்.

முதலில் அங்கே வந்திருந்த உன் விரிவுரையாளரைப் பிடித்தேன். எத்தனை பேர் இதுவரை முடித்திருக்கிறார்கள், அவர்கள் இப்போது எங்கே, அவர்களில் ஒருவரோடு நான் தனியாகப் பேசலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொல்லி, முடித்த ஒரு பையனைக் கூப்பிட்டு விட்டுவிட்டு நகர்ந்துபோனார். அவர் நகர்ந்துபோனது எனக்குக் கொஞ்சம் பிடித்தது. பிறகு இயந்திரங்களைப் பார்த்தேன். ஓர் இடத்தில், வெள்ளைச் சட்டை போட்ட வயதான சீனர் ஒருவர் தரையில் மண்டியிட்டு, நீ செய்த அதே மாதிரி, அடியில் கையை விட்டுத் துடைத்துக்கொண்டே ஒரு குழந்தைக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் தொழிற்சாலையின் பெரிய மேலாளர் என்று சொன்னார்கள். குடும்ப நாளுக்காக நடிக்கிறார் என்றுதான் எனக்கு உடனே தோன்றியது. அதனால் கை கொடுக்கும் சாக்கில் அவர் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்களில் பழைய கறுப்பு ஊறியிருந்தது. ஒருநாள் நடிப்பில் அப்படிக் கறுக்காது.

அப்புறம் உன் மேற்பார்வையாளர் வந்தார், நீங்கள் எல்லாரும் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, என்று கூப்பிடுகிற மலாய்க்கார அம்மா. உன்னைவிடக் குள்ளம், குரல் மட்டும் பெரிது. உற்பத்தி வரிசைக்கு மேலே நீளமாகத் தொங்கிய ஒரு மஞ்சள் கயிற்றைக் காட்டி, "உங்க மகள் இதை இழுத்திருக்கிறாள், தெரியுமா?" என்று மலாயில் கேட்டார். இழுத்தால் வரிசை முழுவதும் நின்றுவிடுமாம். ரயிலில் காரணமில்லாமல் அபாயச் சங்கிலியை இழுத்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்ன கதை இது. பிரேக் பாகத்தின் துளைக்குள் ஓர் எஃகுக் கட்டையை விட்டு அளவு பார்ப்பது அன்றைக்கு உன் வேலை. கட்டை வழக்கத்தைவிடச் சுலபமாக உள்ளே போகிறது, துளை பெரிதாகிவிட்டதோ என்று உனக்குச் சந்தேகம். கயிற்றை இழுத்துவிட்டாய். வரிசை மொத்தமும் நின்றது. வெளியே சரக்கு ஏற்ற லோரி காத்திருந்தது. எல்லாரும் ஓடி வந்து அளந்து பார்த்தார்கள். பாகங்களில் ஒரு குறையும் இல்லை. காலையில் யாரோ அந்தக் கட்டைக்குப் புதிதாக எண்ணெய் பூசியிருந்தார்கள், அவ்வளவுதான். நீ சந்தேகப்பட்டது தப்பு.

"அப்போ திட்டினீங்களா?" என்று நான் கேட்டேன். காக் ரோஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் திட்டணும்? இழுத்ததுக்கு நன்றி சொன்னேன். தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். இன்னிக்குத் தப்பா இழுத்தவளைத் திட்டினா, நாளைக்கு நிஜமாவே குறை வரும்போது ஒருத்தரும் இழுக்க மாட்டாங்க, என்சிக்." நான் வாழ்க்கை முழுவதும் சந்தேகப்பட்டுச் சம்பாதித்தவன். என் சந்தேகம் சரியாக இருந்தால் பயணி திட்டுவார், தப்பாக இருந்தால் பயணியும் மேலதிகாரியும் சேர்ந்து திட்டுவார்கள். தப்பாகச் சந்தேகப்பட்டவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கும் ஓர் இடம் பூமியில் இருக்கிறது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. இவ்வளவு நல்லவர்களாக இருப்பவர்களிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் கார் நிறுத்துமிடம்வரை உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் மாரிமுத்துவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போதைக்கு வேண்டாம் என்றேன். சாப்பிடும்போது உன்னிடம் நேராகவே தண்ணீர் கேட்டேன். நீ ஊற்றிக் கொடுத்தாய்.

மிச்ச ஆண்டுகளை நான் நம்பிக்கையோடு கழித்தேன் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். தேர்வு வாரங்களில் நீ பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பேருந்து நிலையத்தில் நின்று, உன்னோடு ஏறிய மற்றப் பிள்ளைகளின் பைகளில் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்தேன். உன் இறுதித் திட்டப்பணி, இயந்திரத்தில் அச்சு மாற்றும் நேரத்தைக் குறைப்பது பற்றியது. வீணாகப் போகும் நேரத்தை நீ சுவரில் தாள் ஒட்டி ஒட்டிக் குறித்தபோது, இதை வைத்து அவர்கள் லாபம் பார்ப்பார்களே, உனக்கு என்ன தருவார்கள் என்று கேட்டேன். நீ, "மார்க்கு தருவாங்கப்பா," என்றாய். வேலையும் படிப்பும் சேர்ந்து உன்னைப் பிழிந்ததையும் பார்த்தேன். கணிதப் பாடம் ஒன்றில் தோற்று, மறுபடி எழுதி, அந்த வாரமும் லீவு போடாமல் போனாய். பொய்ப் பட்டம் கொடுக்கிறவன் யாரையும் தோற்கடிக்க மாட்டானே என்று அப்போது ஒரு யோசனை வந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி. நீ தோற்றதில் அப்பாவுக்கு நிம்மதி என்று வெளியே சொல்ல முடியுமா, அதனால் சொல்லவில்லை.

இப்படி எல்லாம் தாண்டி வந்த பிறகுதான் அந்த நீலக் குழல். காலியாக இருந்ததைப் பார்த்ததும் பிரிக்பீல்ட்ஸ் மாடிக் கதவு, பூட்டு, ஆணி எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. கடைசியில் ஏமாற்றிவிட்டார்கள், என் பெண்ணின் இத்தனை ஆண்டும் போய்விட்டது என்றுதான் நான் கத்தினேன். உன்னைக் குறை சொல்லிக் கத்தவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ என் கையிலிருந்த மூடியை வாங்கிக் குழலை மூடினாய். மேடையில் எல்லாருக்கும் காலிக் குழல்தான் கொடுப்பார்கள், அங்கியைத் திருப்பிக் கொடுத்தால்தான் முகப்பில் அசல் சான்றிதழ் தருவார்கள் என்றாய். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. "நீங்க கயிறு இழுத்துட்டீங்கப்பா. பரவால்ல. இழுத்தவங்கள நாங்க திட்ட மாட்டோம். ஆனா பாத்து முடிச்சதும் கைய விட்டுடணும். இல்லன்னா லைன் ஓடாது."

அங்கியைக் கொடுத்துவிட்டு நீ சான்றிதழை வாங்கி, நீ பார்ப்பதற்கு முன் என்னிடம் நீட்டினாய். "செக் பண்ணுங்க," என்றாய். நான் பண்ணினேன். பெயர், அடையாள அட்டை எண், முத்திரை எல்லாவற்றையும் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தாளுக்குள் நிழலாகத் தெரிந்த சின்னத்தையும் பார்த்தேன். பொறியியல் என்ற சொல்லை விரலால் தடவினேன். சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, பாப்பா. அதற்குப் பிறகு நான் அதை உன்னிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கிள்ளான்வரை உன் அம்மா காரை ஓட்ட, நான் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பத்திரமாக இருக்கட்டும் என்றேன். நீ கேட்கவும் இல்லை. தாய்லாந்தின் ராயோங்கில் உன் தொழிற்சாலைக்காரர்கள் புதிதாகத் தொடங்கும் உற்பத்தி வரிசையை நிறுவ உன்னை அனுப்புகிறார்கள், இரண்டு ஆண்டு அங்கே இருக்க வேண்டும், அசல் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்று உன் அம்மாதான் சொன்னாள். நீ ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நானாகக் கையை விடுகிறேனா என்று பார்க்கிறாய்.

போகிற இடத்தில் நான் இருக்க மாட்டேன், அதனால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். வாடகை வீட்டுக்குப் போனதும் சுவிட்சையெல்லாம் போட்டுப் பார், குழாயைத் திறந்து பார், புதுப் பெயின்ட் அடித்த சுவரைத் தட்டிப் பார். புரியாத மொழியில் இருக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதே. "நம்ம ஆளுதானே" என்று பேச்சைத் தொடங்குகிற தமிழனிடம் இரண்டு மடங்கு கவனம். உன்னைப் புகழ்கிறவன் எதற்குப் புகழ்கிறான் என்று பார். வெளுத்ததெல்லாம் பாலில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியாமல்போன ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன். சந்தேகப்பட்டால் போய்ப் பார், நேராக உள்ளே போய்ப் பார், வேலிக்கு வெளியே நின்று முடிவு செய்யாதே. பார்த்த பிறகு சரியாக இருந்தால், சரியாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். நான் உன்னிடம் அதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். செமினியில் உன் சித்தப்பாவுக்கு நேற்று நானே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன், என் மகள் பொறியாளர் என்று. அவர், "தெரியுமே அண்ணே, தர்ஷினி போட்டோ அனுப்புனுச்சே," என்றார். அதனாலென்ன, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. யாரிடமும் டிக்கெட்டைக் கேட்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் பயணியின் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பயணம் அவர்களுடையது. வேலையிலிருந்த காலம் முழுவதும் ஒருவருடைய டிக்கெட்டைக்கூட நான் வைத்துக்கொண்டதில்லை, உன்னுடையதைத் தவிர.

உன் பெட்டியில் துணிகளுக்கு மேலே இந்தக் கடிதம் இருக்கும், அதற்குக் கீழே உன் சான்றிதழ் இருக்கும். அலமாரிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

பார்த்துவிட்டேன், பாப்பா. சரியாக இருக்கிறது. ஏறிக்கொள்.

அப்பா